கம்பியின்றிப் பின்னும் வலை

மாணவர்களே, "வைஃபை இருக்கிறது; ஆகையால் கம்பி தேவையில்லை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே ஒரு கம்பி இருக்கும். அது சுவரைத் துளைத்துச் சென்று, தெருக்கம்பங்களின் மீதோ மண்ணுக்கடியிலோ நெடுந்தொலைவு ஓடும். நம் கைப்பேசிக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையிலுள்ள சில அடித் தொலைவு மட்டுமே கம்பியற்றது.

அந்தக் கம்பி அறுந்துவிட்டால் என்ன செய்வது? கம்பி இழுக்கவே இயலாத மலைச்சரிவில் ஒரு பள்ளி இருந்தால் அது இணையத்தை எவ்வாறு பெறும்? இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்ததே ‘மெஷ்’ எனப்படும் கம்பியில்லா வலைப்பின்னல். அது எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு கட்டப்படுகிறது, எதை நம்பி நிற்கிறது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வலையும் கணுவும்

மீன் வலையில் நூலும் நூலும் சந்திக்கும் இடங்களில் முடிச்சுகள் இருக்கும். முடிச்சுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ‘வலைக்கண்’ என்பர். வலையில் ஓர் இழை அறுந்தாலும் வலை முழுவதும் பிரிந்து போவதில்லை. பக்கத்து இழைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன.

இணைய வலைப்பின்னலில் முடிச்சின் இடத்தில் ஒரு கருவி இருக்கும். அதனைக் ‘கணு’ என்கிறோம். கரும்பிலும் மூங்கிலிலும் கணுக்களைப் பார்த்திருப்பீர்கள். தண்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடம் அது. ஒரு வழி முடிந்து மறுவழி தொடங்கும் இடம் என்பதால் இச்சொல் இங்கும் பொருந்துகிறது. ரூட்டர் என்று நாம் வழங்கும் திசைவிதான் பெரும்பாலும் கணுவாகப் பயன்படுகிறது.

வழக்கமான அமைப்பில் நடுவில் ஒரே ஒரு கணு இருக்கும். எல்லாக் கருவிகளும் அதனோடு மட்டுமே பேசும். நடுக்கணு பழுதானால் அனைவரும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படுவர். மெஷ் அமைப்பில் நடு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு கணுவும் தன் அண்டையிலுள்ள கணுக்களோடு ரேடியோ அலைகளால் பேசுகிறது. தனக்கு வரும் செய்தியைப் பெறுவதோடு, பிறருக்குச் செல்லும் செய்தியையும் வாங்கி அடுத்த கணுவுக்குக் கடத்துகிறது.

இக்கருத்து கணினி வலைப்பின்னல்கள் பரவுவதற்கு முன்னரே தோன்றியது. அமெரிக்காவின் ராண்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் என்னும் பொறியாளர், போரில் தொலைபேசி நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவை ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் வலைப்பின்னல் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய்ந்தார். 1964ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வில், ஒரு நடுவை மட்டும் நம்பும் அமைப்பு, பல நடுக்களை நம்பும் அமைப்பு, நடுவே இல்லாமல் பரவிய அமைப்பு ஆகிய மூன்றும் படங்களாக வரையப்பட்டிருந்தன. மூன்றாவதே அழிவைத் தாங்கி நிற்கும் என்று அவர் காட்டினார். அதற்காக ஒவ்வொரு கணுவும் மற்ற எல்லாக் கணுக்களோடும் இணைய வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று அல்லது நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை மிகுந்த உறுதி பெற்றுவிடும் என்றும் அவர் கண்டார்.

ஒரு சிறு கணக்கால் இதன் சிக்கனத்தை உணரலாம். 6 கணுக்களில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைய வேண்டுமானால் 15 இணைப்புகள் தேவை. ஒவ்வொரு கணுவுக்கும் மூன்று இணைப்புகள் போதும் என்றால் 9 இணைப்புகளே தேவைப்படும். கணுக்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்த வேறுபாடும் பெருகும்.

செய்தி வழி அறிவது எப்படி?

முன்பின் அறியாத சிற்றூரில் ஒருவர் வீட்டைத் தேடிச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழியில் கேட்டால், "பிள்ளையார் கோயில் வரைக்கும் போங்க, அங்கே கேளுங்க, சொல்லுவாங்க" என்பார்கள். கோயிலருகே நிற்பவர் அடுத்த திருப்பத்தைச் சொல்வார். முழு வழியையும் ஒருவரே சொல்லவில்லை. ஆயினும் நாம் வீடு போய்ச் சேர்கிறோம். மெஷ் வலைப்பின்னல்கள் சிலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன. வலை முழுவதன் வரைபடமும் ஒரு கணுவிடம் இருக்க வேண்டியதில்லை. இன்ன இடத்துக்குரிய செய்தியை எந்த அண்டைக் கணுவிடம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் அது அறிந்திருந்தால் போதும். ஜெர்மனியின் ஃப்ரைஃபங்க் என்னும் குழுவினர் 2006ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கிய ‘பேட்மேன்’ என்னும் வழிகாட்டும் முறை இவ்வகையைச் சேர்ந்தது. வலையின் வரைபடத்தை ஒவ்வொரு கணுவும் தானே வரைந்து வைத்துக்கொள்ளும் முறைகளும் உள்ளன.

எம்முறையாயினும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு கணுவும் சில நொடிகளுக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்னும் சிறு குறிப்பை வெளியிடும். அண்டைக் கணுக்கள் அதனைக் கேட்கும். அனுப்பியவற்றுள் எத்தனை வந்து சேர்ந்தன என்பதைக் கொண்டு அந்த இணைப்பின் தரத்தைக் கணிக்கும். குறிப்பு வருவது நின்றுவிட்டால், அந்தக் கணு இல்லை எனக் கொண்டு வேறு வழியைத் தேர்ந்துகொள்ளும். இதனை யாரும் வந்து சரிசெய்ய வேண்டியதில்லை.

அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்னும் ஆறு வீடுகளை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அ–ஆ, அ–இ, ஆ–இ, ஆ–ஈ, இ–உ, ஈ–உ, ஈ–ஊ, உ–ஊ ஆகிய எட்டு இணைப்புகளைக் கோடுகளாகப் போடுங்கள். வெளியிலிருந்து வரும் இணையம் அ வீட்டில் மட்டும் இருக்கிறது. ஊ வீட்டுச் சிறுமி அனுப்பும் செய்தி ஈ, ஆ வழியாக அ வீட்டை அடைகிறது. ஆ வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டால் அதே செய்தி உ, இ வழியாகச் செல்லும். ஆ, இ ஆகிய இரண்டும் நின்றுவிட்டால் ஊ வீட்டுக்கு இணையம் கிடைக்காது. ஆயினும் ஈ, உ, ஊ ஆகிய மூன்று வீடுகளும் தமக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கும்.

மலைமேல் ஒரு வலை

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், தௌலதார் மலைத்தொடரின் சரிவில் தரம்சாலா நகரம் உள்ளது. தலாய் லாமா 1960ஆம் ஆண்டு முதல் இங்கு வாழ்ந்து வருகிறார். திபெத்தியரின் பள்ளிகளும் மடங்களும் அலுவலகங்களும் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஓர் இடத்திலிருந்து பார்த்தால் மற்றோர் இடம் மலைமுகட்டின் பின்னே மறைந்திருக்கும். பெருமழை பெய்யும், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும்.

அக்காலத்தில் நம் நாட்டில் வைஃபை அலைகளைத் திறந்த வெளியில் பயன்படுத்த உரிமம் வேண்டும். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. அடுத்த மாதமே தரம்சாலாவில் மெஷ் வலைப்பின்னல் கட்டப்பட்டது. அந்தப் பிப்ரவரி முடிவதற்குள் 8 வளாகங்கள் இணைந்துவிட்டன. இஸ்ரேலிலிருந்து வந்து அங்குத் தங்கிய யாஹேல் பென்-டேவிட் என்னும் பொறியாளர் இம்முயற்சியில் முன்னின்றார். இதனை நடத்திய அமைப்பு ‘ஏர்ஜல்தி’ எனப் பெயர் பெற்றது. ‘ஜல்தி’ என்னும் இந்திச் சொல்லின் பொருளை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலைகள் குறுக்கே நிற்பதால் ஒரே கோபுரத்திலிருந்து எல்லா இடங்களையும் எட்ட முடியவில்லை. மெஷ் முறையிலோ முகட்டைச் சுற்றி ஒரு கணுவிலிருந்து மறுகணுவுக்குச் செய்தி தாவிச் சென்றது. மழையையும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வையும் தாங்கும் திசைவிகளை அங்கேயே வடிவமைத்துக் கட்டி, அவற்றுக்கு இமாலய மெஷ் திசைவி என்று பெயரிட்டனர். மின்சாரம் எட்டாத இடங்களில் சூரிய ஒளித் தகடும் மின்கலமும் பொருத்தினர். மழையும் மின்வெட்டும் போதாவென்று குரங்குகளும் ஆன்டெனாக்களைப் பிடித்து ஊஞ்சலாடின! ஒரு கணு நின்றாலும் வலை வேறு வழி தேடிக்கொள்ளும் இயல்பு இத்தகைய இடத்துக்கு இன்றியமையாததாக இருந்தது.

வலை வளர்ந்தபோது 30க்கும் மேற்பட்ட கணுக்கள் வழியாக 2,000க்கும் மேற்பட்ட கணினிகள் இணைந்திருந்தன. வெளியுலகோடு இருந்த இணைப்பின் வேகமோ நொடிக்கு 6 மெகாபிட் மட்டுமே. 2,000 கணினிகளும் ஒரே நொடியில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் 3 கிலோபிட்தான் கிடைக்கும். அப்படியிருந்தும் வலை பயன்பட்டது. எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்பது ஒரு காரணம். கோப்புகளைப் பகிர்தல், வலைவழித் தொலைபேசியில் ஒரு வளாகத்திலிருந்து மற்றொன்றோடு பேசுதல் ஆகியவை ஊருக்குள்ளேயே நிகழ்ந்தது மற்றொரு காரணம். அவற்றுக்கு வெளி இணைப்பே தேவைப்படவில்லை.

கட்டும் முறை

ஒரு பள்ளி வளாகத்திலோ குடியிருப்பிலோ இத்தகைய வலையை அமைப்பதற்குரிய படிகளைக் காண்போம்.

1. முதலில் வரைபடம் வரைய வேண்டும். எந்தக் கூரையிலிருந்து எந்தக் கூரை தெரிகிறது என்று குறிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். கற்சுவர், நீர்த்தொட்டி, ஈரமான இலை ஆகியவை இவ்வலையை உறிஞ்சிக்கொள்ளும். இன்று இடையூறில்லாத மரக்கன்று சில ஆண்டுகளில் வளர்ந்து மறைக்கக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும்.

2. வெளி இணையம் நுழையும் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதற்கு ‘நுழைவாயில்’ என்று பெயர். இயலுமாயின் இரண்டு நுழைவாயில்கள் இருப்பது நன்று.

3. ஒவ்வொரு கணுவும் குறைந்தது வேறு இரு கணுக்களைக் காணுமாறு இடம் ஒதுக்க வேண்டும். ஒரே அண்டையை மட்டும் நம்பியுள்ள கணு, அந்த அண்டை நின்றால் தானும் நிற்கும். எல்லாத் திசையிலும் பேசும் ஆன்டெனாவை நடுவிலுள்ள கணுக்களுக்கும், ஒரே திசையில் நெடுந்தொலைவு பேசும் ஆன்டெனாவை ஓரத்திலுள்ளவற்றுக்கும் பொருத்தலாம்.

4. எல்லாக் கணுக்களிலும் ஒரே வழிகாட்டு மென்பொருளை நிறுவ வேண்டும். தமக்குள் பேசிக்கொள்ளும் அலைத்தடமும் வலையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கணுவின் முகவரி மட்டும் வேறுபட வேண்டும். ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால் அஞ்சல்காரர் தடுமாறுவார் அல்லவா?

5. மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். செய்திக்குத்தான் கம்பி தேவையில்லை. கணுவுக்கு மின்சாரம் தேவை. கூரையில் வைக்கும் கருவிகளுக்கு இடிதாங்கிக் காப்பும் வேண்டும். கூரை ஏறும் பணி பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கு உரியது.

6. கட்டிமுடித்தபின் ஒவ்வொரு கணுவாக வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கணுவை அணைத்தால் பிறர் துண்டிக்கப்படுகின்றனரோ, அங்கே இன்னொரு வழி தேவை என்று பொருள். எல்லாம் இயங்கும்போது பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது.

நம் நாட்டில் இணையச் சேவையைப் பிறருக்கு விற்கப் பொதுவாக அரசின் அனுமதி வேண்டும். ஆகவே வளாகத்துக்கு வெளியே வலையை விரிக்க எண்ணுவோர் சட்டத்தை அறிந்து செயல்பட வேண்டும்.

வலையின் விலை

எந்தக் கருவியும் இலவசமாக எதையும் தருவதில்லை. ஒரே அலைத்தடத்தில் இயங்கும் கணு, ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் இயலாது. முதலில் கேட்க வேண்டும். பிறகு அதனை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆகையால் ஒரு தாவலில் நொடிக்கு 24 மெகாபிட் செல்லும் வழியில், இரண்டு தாவல்களில் 12 மெகாபிட்டும், மூன்று தாவல்களில் 8 மெகாபிட்டும் செல்வதே அரிது. நடைமுறையில் இவற்றினும் குறையும். தரம்சாலாவிலும் எல்லாக் கணுக்களும் ஒரே அலைத்தடத்தைப் பகிர்ந்துகொண்டதால், வலை மேலும் வளர்ந்தால் நெரிசல் ஏற்படும் என்பதை உணர்ந்து, பல தடங்களில் பேசும் திசைவிகளை உருவாக்க முற்பட்டனர். இன்று வீடுகளுக்கென விற்கப்படும் மெஷ் திசைவிகள் பலவற்றில், அண்டைக் கணுவோடு பேச ஒரு ரேடியோவும் நம் கருவிகளோடு பேச மற்றொன்றும் வைக்கப்படுவது இதனால்தான்.

கம்பி இழுக்க இயலும் இடத்தில் கம்பியே வேகமானது. இயலாத இடத்திலும், கம்பி அறுந்துபோகும் நாளிலும் மெஷ்ஷின் அருமை தெரியும்.

பிறர் செய்தியைச் சுமத்தல்

மேலே வரைந்த படத்தை மீண்டும் பாருங்கள். ஊ வீட்டுச் சிறுமியின் செய்தி ஈ வீட்டின் வழியே செல்கிறது. அச்செய்தியால் ஈ வீட்டுக்காரருக்கு எப்பயனும் இல்லை. அவருடைய மின்சாரம் சிறிது செலவாகிறது; அவருடைய வேகமும் சிறிது குறைகிறது. "எனக்கு இணையம் கிடைத்தால் போதும், பிறர் செய்தியை நான் ஏன் சுமக்க வேண்டும்?" என்று அவர் கேட்கலாம். ஆ, ஈ வீட்டினர் இருவரும் அவ்வாறு எண்ணி, பிறர் செய்தியைக் கடத்த மறுத்தால் எல்லாச் சுமையும் இ, உ மீது விழும். அவர்களும் மறுத்தால், எந்தக் கருவியும் பழுதாகாமலே வலை இல்லாமற்போகும்.

இதனை உணர்ந்தே ஐரோப்பாவின் சமூக வலைப்பின்னல் குழுவினர் ‘பிகோ பியரிங்’ என்னும் சுருக்கமான உடன்படிக்கையை எழுதிக்கொண்டனர். தன் கணுவின் வழியாகச் செல்லும் பிறர் செய்தியைக் கட்டணமின்றிக் கடத்துவேன். அதனை இடையில் மாற்றவோ தடுக்கவோ மாட்டேன் என்பதே அதன் உயிர்நாடி. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய ‘குய்ஃபி’ வலைப்பின்னலும் இத்தகைய பொது உடன்பாட்டின்மீது வளர்ந்ததே. இன்று அதில் 30,000க்கும் மேற்பட்ட கணுக்கள் உள்ளன.

சுமப்பவர் உறையைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதும் முக்கியம். அதனால்தான் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படுகின்றன. ஈ வீட்டின் வழியே செல்லும் பொட்டலத்தில் யாருக்கு என்னும் முகவரி தெரியும். உள்ளே என்ன என்பது தெரியாது. நம்பிக்கை வேண்டும்; நம்பிக்கைக்கு ஒரு பூட்டும் வேண்டும்.

ஒரு மெஷ் வலைப்பின்னலில் பெறுபவர், கொடுப்பவர் என்னும் பிரிவு இல்லை. பெறும் ஒவ்வொருவரும் கொடுப்பவராகவும் இருக்கும் வரையில்தான் அது வலை. மின்சாரம் போன மழை இரவில், சரிவின் கீழேயுள்ள விடுதிக்கு மேலேயுள்ள மடத்தின் மின்கலம் வழிகாட்டும். மறுநாள் அந்த மடத்துக்கு வேறொரு கூரை வழிகாட்டும்.

சொற்பொருள் அறிவோம்

கணு – முடிச்சு. இணைப்புகள் சந்திக்கும் இடம்
அண்டை – பக்கம், அருகிலுள்ள இடம்
முகடு – மலையின் உச்சிப்பகுதி
தாவல் – ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்லுதல்
மறையாக்கம் – உரியவர் தவிரப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றுதல்
உடன்படிக்கை – இருவரோ பலரோ ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மீன் வலையும் மெஷ் வலைப்பின்னலும் எவ்வகையில் ஒத்துள்ளன?
2. ஓர் அண்டைக் கணு நின்றுபோனதை மற்றக் கணுக்கள் எவ்வாறு அறிகின்றன?
3. தரம்சாலாவில் ஒரே கோபுரம் ஏன் பயன்படவில்லை?

ஆ. படம் வரைந்து விடை காண்க.
4. பாடத்திலுள்ள ஆறு வீடுகளின் படத்தில் உ வீடு நின்றுவிட்டால், ஊ வீட்டுச் செய்தி அ வீட்டை அடையும் மிகக் குறுகிய வழி எது? அதில் எத்தனை தாவல்கள் உள்ளன?
5. ஒரே ஒரு புதிய இணைப்பு சேர்க்கலாம் எனில், ஆ, இ இரண்டும் நின்றாலும் ஊ வீட்டுக்கு இணையம் கிடைக்குமாறு அதனை எங்கே அமைப்பீர்கள்?

இ. சிந்தித்து எழுதுக.
6. ஈ வீட்டுக்காரர் தம் பெட்டியை இரவுதோறும் அணைத்துவிடுகிறார். மற்ற வீட்டினர் சார்பில் அவருக்குப் பணிவான கடிதம் ஒன்று எழுதுக. அவருடைய மின்செலவையும் கருத்தில் கொள்க.

ஈ. மொழிப்பயிற்சி
7. ‘வலை’ என்னும் சொல்லை முதலாகக் கொண்ட கூட்டுச்சொற்கள் ஐந்தினை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.